பி.எஸ்.ஏ 7.2, க்ளீசன் 3+4: ஆபரேஷனா, கதிர்வீச்சா, கண்காணிப்பா?

தென்றல்77 (கேள்வி)

அப்பாவுக்கு வயது 64. புராஸ்டேட் சுரப்பியில் புற்று என்று வந்திருக்கிறது. சர்க்கரை 9 வருடமாக இருக்கிறது, மாத்திரையிலேயே கட்டுக்குள் இருக்கிறது. இதயக் கோளாறு எதுவும் இல்லை. ரிப்போர்ட்டில் உள்ளதை அப்படியே தருகிறேன்.

பி.எஸ்.ஏ (ரத்தத்தில் பார்க்கும் புராஸ்டேட் புரத அளவு) 7.2. இரண்டு வருடத்துக்கு முன் 6.1. மலக்குடல் வழியாகச் செய்த விரல் பரிசோதனையில் கட்டி எதுவும் தட்டுப்படவில்லை. எம்.ஆர்.ஐ-யில் சுரப்பி 42 சி.சி., இடது ஓரத்தில் 11 மி.மீ. அளவில் ஒரு இடம், பை-ராட்ஸ் 4 (புற்றுச் சந்தேகத்துக்கு 5 வரை போடும் மதிப்பெண்), உறையைத் தாண்டியதாகத் தெரியவில்லை. பயாப்சியில் 14 துண்டு எடுத்து 4-ல் புற்று. க்ளீசன் மூன்றில் 3+3, ஒன்றில் 3+4, அந்த ஒன்றில் பேட்டர்ன் 4 பத்து சதவீதம். மூத்திரம் மெதுவாகப் போகிறது என்று ஒரு வருடத்துக்கும் மேலாக மாத்திரை எடுக்கிறார்.

யூராலஜிஸ்ட் ரோபோ ஆபரேஷன் என்கிறார். கதிர்வீச்சு மருத்துவர் 20 தடவை கொடுத்தால் போதும் என்கிறார். மூன்றாவதாகப் பார்த்தவர் "இப்போதைக்கு ஒன்றும் வேண்டாம், கண்காணிக்கலாம்" என்கிறார். மூன்று பேரும் கடைசியில் "முடிவு நீங்கதான் எடுக்கணும்" என்று முடித்துவிடுகிறார்கள். எதை முதலில் பார்ப்பது, எதை அடுத்துப் பார்ப்பது என்ற வரிசையாவது பிடிபட்டால் போதும். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நுண்ணோக்கி

முதலில் பதற்றத்தை இறக்கி வையுங்கள். இந்த ரிப்போர்ட்டுக்கு ஒன்றிரண்டு மாதம் யோசிப்பதால் நோய் கைமீறிப் போய்விடாது. ஆபரேஷனே என்று முடிவானாலும் பயாப்சிக்குப் பிறகு 6 முதல் 8 வாரம் விட்டுத்தான் பெரும்பாலும் செய்வார்கள். ஊசி குத்திய இடத்து வீக்கம் வடிய வேண்டும்.

சிகிச்சையை ஒப்பிடுவதற்கு முன்னால் ரிப்போர்ட்டைச் சரிபாருங்கள். பாதிப் பேர் இதைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள்.

க்ளீசன் என்பது புற்றின் அமைப்பு (பேட்டர்ன்) எவ்வளவு கெட்டிருக்கிறது என்பதற்குப் போடும் இரண்டு எண்ணின் கூட்டல். அந்த எண்ணைப் பார்த்து நிறையப் பேர் மிரள்கிறார்கள். 10-க்கு 7 என்றால் முக்கால் கிணறு தாண்டியாயிற்று என்று நினைப்பு. நடைமுறையில் பயாப்சியில் 6-க்குக் கீழே யாரும் எழுதுவதில்லை, ஆக 6 என்பதுதான் அடிப்படி. இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் 2014-ல் கிரேடு குரூப் என்று 1 முதல் 5 வரை புதிய வரிசை கொண்டுவந்தார்கள். 3+3 குரூப் 1. 3+4 குரூப் 2. 4+3 குரூப் 3. எட்டு என்றால் 4, ஒன்பதும் பத்தும் 5. கூட்டிப் பார்த்தால் 3+4-ம் 4+3-ம் ஒன்றுதான், ஆனால் நோயின் போக்கில் இரண்டும் வேறு வேறு. முதல் எண் அதிகம் இருப்பதைச் சொல்கிறது.

அப்பாவுக்கு வந்திருப்பது குரூப் 2, அதிலும் பேட்டர்ன் 4 பத்தே சதவீதம். நோயியல் மருத்துவர்கள் ஒருவரோடு ஒருவர் மிக அதிகமாக மாறுபடும் இடமும் இதுதான். 3-ஆம் வகைச் சுரப்பிகள் சாய்வாக வெட்டுப்பட்டால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்ட மாதிரி, 4 மாதிரி தெரியும். அதனால் ஸ்லைடுகளைப் புராஸ்டேட் பயாப்சி அதிகம் பார்க்கும் இன்னொருவரிடம் காட்டி மறுவாசிப்பு வாங்குங்கள். ரிப்போர்ட் தாளை மட்டும் எடுத்துப் போனால் பயனில்லை, கண்ணாடி ஸ்லைடே போக வேண்டும். அதில் இரண்டு வார்த்தையைக் குறிப்பாகக் கேளுங்கள்: கிரிப்ரிஃபார்ம் (சல்லடை போன்ற அமைப்பு) இருக்கிறதா, இன்ட்ராடக்டல் (சுரப்பிக் குழாய்க்குள் பரவிய புற்று) இருக்கிறதா. இரண்டில் ஒன்று இருந்தால்கூட, பத்து சதவீதம்தானே என்று கண்காணிப்பில் விடுவது சரியில்லை.

அடுத்தது, 14 துண்டில் எத்தனை துண்டு எம்.ஆர்.ஐ காட்டிய இடத்தையே குறிவைத்து எடுத்தது? 3+4 வந்தது அதிலா, பொதுவாக எடுத்ததிலா?

பி.எஸ்.ஏ-வைச் சுரப்பியின் அளவால் வகுத்துப் பாருங்கள். 7.2-ஐ 42-ஆல் வகுத்தால் 0.17. கண்காணிப்புக்கு 0.15-க்குக் கீழே இருப்பது நல்லது என்பது பொதுவான கணக்கு. கொஞ்சம் மேலே நிற்கிறது, அவ்வளவுதான்.

கடைசியாக ஒன்று. மூத்திரத்துக்கு எடுக்கும் மாத்திரையின் பெயர் என்ன? கடை அட்டையின் பெயர் வேண்டாம், உள்ளே உள்ள மருந்தின் பெயர். டாம்சுலோசின் மட்டும் என்றால் பிரச்சினை இல்லை. கூடவே டூட்டாஸ்டரைடோ ஃபினாஸ்டரைடோ கலந்திருந்தால் இதுவரை சொன்ன கணக்கு எல்லாம் மாறும்.

புள்ளிக்கணக்கு

மூன்று வழியையும் சீட்டுக் குலுக்கி ஒப்பிட்ட பெரிய ஆய்வு பிரிட்டனில் நடந்த புரோடெக்ட். 1999 முதல் 2009 வரை நோய் கண்டறியப்பட்ட, 50 முதல் 69 வயதுவரையுள்ள 1643 பேர். 15 வருட முடிவு 2023-ல் வந்தது. அதில் 356 பேர் ஏதோ ஒரு காரணத்தால் இறந்திருந்தார்கள், புராஸ்டேட் புற்றால் இறந்தவர்கள் 45 பேர். பிரித்துப் பார்த்தால் கண்காணிப்பில் 3.1 சதவீதம், ஆபரேஷனில் 2.2, கதிர்வீச்சில் 2.9. இந்த வித்தியாசம் தற்செயலாகவும் வந்திருக்கக்கூடிய அளவுதான். நோய் வெளியே பரவியதில் மட்டும் இடைவெளி உண்டு: கண்காணிப்பில் 9.4, மற்ற இரண்டிலும் 5-ஐ ஒட்டி.

இதைப் படித்துவிட்டு "எதைச் செய்தாலும் ஒன்றுதான்" என்று சொல்பவர்கள் மூன்று விஷயத்தை விட்டுவிடுகிறார்கள். ஒன்று, அதில் சேர்ந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் 3+3. அப்பாவின் நிலை அதைவிட ஒரு படி மேல். இரண்டு, கண்காணிப்பில் விடப்பட்டவர்களில் சுமார் 61 சதவீதம் பேர் 15 வருடத்துக்குள் ஆபரேஷனுக்கோ கதிர்வீச்சுக்கோ போய்விட்டார்கள். கண்காணிப்பு என்றால் சிகிச்சையைத் தள்ளிவைப்பது, தேவைப்படாத சிலருக்கு அடியோடு தவிர்ப்பது. மூன்று, அப்போது கண்காணித்தது பெரும்பாலும் பி.எஸ்.ஏ-வை வைத்துத்தான். இன்று எம்.ஆர்.ஐ-யும் மறுபயாப்சியும் சேர்கிறது. 6 மாதத்துக்கு ஒரு பி.எஸ்.ஏ, வருடத்துக்கு ஒருமுறை விரல் பரிசோதனை, முதல் ஒரு வருடத்துக்குள் உறுதிப்படுத்த ஒரு பயாப்சி, பிறகு சில வருட இடைவெளியில் மறுபடி. இதை ஒழுங்காகச் செய்யத் தயாராக இல்லாதவருக்குக் கண்காணிப்பு என்ற பெயரே பொருந்தாது.

வயதான, வேறு நோய் அதிகமுள்ளவர்களுக்குச் சொல்லும் "பார்த்துக்கொண்டிருப்பது" வேறு. அதில் பயாப்சி கிடையாது, தொந்தரவு வந்தால் அதற்கு மட்டும் மருந்து. டாக்டர் இரண்டில் எதைச் சொல்கிறார் என்று கேட்டுத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். தமிழில் இரண்டையும் ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறார்கள்.

உயிர் தப்புவதில் பெரிய வேறுபாடு இல்லை என்றால் தராசில் மிஞ்சுவது பக்கவிளைவு. அதே ஆய்வில் 6 மாதத்தில் மூத்திரக் கசிவுக்குப் பேட் வைத்தவர்கள் ஆபரேஷன் பக்கம் 46 சதவீதம், கதிர்வீச்சு 5, கண்காணிப்பு 4. 12-ஆம் வருடத்தில் 24, 8, 11. மலக்கசிவு 12-ஆம் வருடத்தில் கதிர்வீச்சில் 12 சதவீதம், மற்ற இரண்டிலும் 6. உறவுக்குப் போதுமான விறைப்பு 7-ஆம் வருடத்தில் கண்காணிப்பில் 30, கதிர்வீச்சில் 27, ஆபரேஷனில் 18. தொடக்கத்தில் மூன்று பக்கமும் 67 இருந்தது. வயது தன் பங்குக்கு எடுத்துக்கொண்டதும் இதில் சேர்த்தி, எல்லாவற்றையும் சிகிச்சையின் தலையில் கட்டாதீர்கள்.

கத்தியும்நூலும்

கண்காணிப்பு ஆதரவாளர்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனா ஆபரேஷன் பக்கத்து நியாயத்தையும் முழுசாச் சொல்லணும் சார்.

சுரப்பியை வெளியே எடுத்தா முழு உண்மை தெரியும். பயாப்சியில 3+4 சொன்னது உள்ளே 4+3 ஆக இருக்கலாம், தலைகீழாவும் இருக்கலாம். 6 முதல் 8 வாரத்துல பி.எஸ்.ஏ 0.1-க்குக் கீழே இறங்கிடணும். பிறகு 0.2-ஐத் தொட்டு, மறுபடி எடுத்தாலும் அப்படியே இருந்தா நோய் திரும்புதுன்னு அர்த்தம். கணக்கு அவ்வளவு சுத்தம். அப்படித் திரும்பினா அந்த இடத்துக்குக் கதிர்வீச்சு குடுக்கலாம். அதே கதிர்வீச்சை முதல்ல குடுத்துட்டு அப்புறம் ஆபரேஷன் பண்றது முடியாத காரியம் இல்லை, ஆனா திசு எல்லாம் ஒட்டிக்கிட்டு இருக்கும், கசிவும் மலக்குடல் காயமும் அதிகம், செய்றவங்களும் குறைவு.

இன்னொண்ணு. அப்பாவுக்கு மூத்திர அடைப்பு ஏற்கெனவே இருக்கு. ஆபரேஷன்ல அடைப்பும் சேர்ந்து போயிடும். கதிர்வீச்சுல முதல் சில மாசம் அது கூடும்.

இப்ப கெட்டது. கதீட்டர், அதாவது மூத்திரம் வெளியேறப் போடுற குழாய், 7 முதல் 14 நாள் இருக்கும். எடுத்த அன்னைக்குக் கசியாதுன்னு நினைச்சு ஒரே ஒரு பேட் எடுத்துட்டுப் போறவங்கதான் ஜாஸ்தி. நாலஞ்சு எடுத்துக்கிட்டு, உள்ளாடை இறுக்கமானதா போட்டுக்கிட்டுப் போகணும், தொளதொளன்னு இருந்தா பேட் நகரும். இடுப்புத்தளத் தசைப் பயிற்சியை ஆபரேஷனுக்கு நாலு வாரம் முன்னாடியே ஆரம்பிக்கணும். பலரும் பிட்டத்தையும் வயித்தையும் இறுக்கிட்டு அதைப் பயிற்சின்னு நினைக்கிறாங்க. சரியான தசை எதுன்னா, ஆண்குறியை உள்ளே இழுத்துக் குட்டையாக்குற மாதிரி நினைச்சு இறுக்கணும், கண்ணாடி முன்னாடி நின்னா விதைப்பை லேசா மேலே ஏறுறது தெரியும். வயிறு அசையக்கூடாது, மூச்சை அடக்கக்கூடாது. 5 விநாடி இறுக்கி 5 விநாடி விடணும், 10 தடவை, நாளைக்கு மூணு வேளை. போகப்போக 10 விநாடி. கதீட்டர் உள்ளே இருக்கும்போது செய்யக்கூடாது. அப்புறம் இருமுறதுக்கும் நாற்காலியிலிருந்து எழுந்திரிக்கிறதுக்கும் ஒரு நொடி முன்னாடி இறுக்கிக்கிற பழக்கம் வரணும். கசிவு பெரும்பாலும் அந்த நொடியிலதான்.

விறைப்பு திரும்ப 18 முதல் 24 மாசம்கூட ஆகும். நரம்பை விட்டுவெச்சாலும் அப்படித்தான். இடது பக்கம் கட்டி இருக்கறதால அந்தப் பக்க நரம்பை எவ்வளவு காப்பாத்த முடியும்னு எம்.ஆர்.ஐ படத்தை வெச்சுக்கிட்டே கேளுங்க. 9 வருஷச் சர்க்கரைக்கு இப்ப நிலைமை எப்படின்னு அப்பாதான் சொல்லணும். ஏற்கெனவே பலவீனம்னா நரம்பு காக்கிற பேச்சுக்கு மதிப்பு குறையும். உச்சத்துல விந்து வராது, சிலருக்கு அந்த நேரம் மூத்திரம் கசியும், குறி நீளம் கொஞ்சம் குறையும். இதையெல்லாம் முன்னாடியே சொல்றவங்க கம்மி.

"எங்க கைல 95 சதவீதம் பேருக்குக் கசிவே இல்லை"ன்னு யாராவது சொன்னா, கசிவு இல்லைன்னா என்ன அர்த்தம்னு கேளுங்க. பூஜ்யம் பேட்டா, பாதுகாப்புக்கு ஒரு பேட்டா? இந்த ஒரு வார்த்தையிலேயே கணக்கு தலைகீழா மாறும்.

லீனாக்

மேலே சொன்னதில் ஒன்றைத் திருத்த வேண்டும். புரோடெக்டில் கதிர்வீச்சு பெற்ற எல்லோருக்கும் கூடவே சில மாதம், டெஸ்டோஸ்டிரோனை அடக்கும் ஹார்மோன் ஊசியும் போனது. 37 தவணையில் 74 கிரே (கதிர்வீச்சின் அளவு), பழைய முறை. அந்த ஆய்வின் 6-ஆம் மாதக் கணக்கைப் பார்த்தால் கதிர்வீச்சுப் பக்கம் விறைப்பு சரிந்து தெரியும், அதில் ஊசிக்கும் பங்கு உண்டு. இன்று ஊசி தேவையில்லாத நிலையில் உள்ளவருக்கு அந்த எண் அப்படியே பொருந்தாது.

20 தவணை என்று சொன்னது 60 கிரே முறையாக இருக்கும். 2016-ல் வந்த சிப் ஆய்வு அதை 37 தவணைக்கு இணை என்று காட்டியது. அதையும் சுருக்கி 5 தவணையில் முடிப்பது இப்போது வந்துவிட்டது. பேஸ்-பி ஆய்வு 874 பேரில் 5 தவணையையும் வழக்கமான முறையையும் ஒப்பிட்டது, 5 வருடத்தில் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் 95.8-க்கு 94.6. அதில் எடுத்துக்கொண்டது 3+4 வரை உள்ளவர்களை மட்டும், ஹார்மோன் ஊசி இல்லாமல்.

நடைமுறையில் என்ன நடக்கும் என்றால், முதலில் சுரப்பிக்குள் மூன்று தங்கப் பொட்டு வைப்பார்கள், தினமும் குறி பார்க்க. ஒரு வாரம் போல் விட்டு, வீக்கம் வடிந்ததும் திட்டமிடும் சி.டி. சில இடங்களில் சுரப்பிக்கும் மலக்குடலுக்கும் நடுவில் ஜெல் வைத்து ஒரு சென்டிமீட்டர் போல் இடைவெளி உண்டாக்குவார்கள். மலக்குடலுக்குப் போகும் அளவு அதனால் குறையும்.

ஒவ்வொரு நாளும் மூத்திரப்பை நிரம்பியும் மலக்குடல் காலியாகவும் இருக்க வேண்டும். முதலில் பையைக் காலி செய்து, சொன்ன அளவு தண்ணீரை, பெரும்பாலும் 400 மி.லி. அளவில், ஒரே மூச்சில் குடித்து, 30 முதல் 45 நிமிடம் காத்திருப்பது. சொதப்புவது எங்கே என்றால், காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் வந்து அங்கே ஒரேயடியாகக் குடிப்பார்கள். வறண்ட உடம்பு அதை உறிஞ்சிக்கொள்ளும், பை நிரம்பாது, படுக்கையிலிருந்து இறக்கிவிடுவார்கள். வாயு நிரம்பிய மலக்குடல் இன்னொரு தொல்லை, அது சுரப்பியை முன்னால் தள்ளிவிடும். அந்த வாரங்களில் வாயு உண்டாக்கும் சாப்பாட்டைத் தள்ளிவையுங்கள், மலச்சிக்கலுக்கு முதல் நாளே சொல்லுங்கள்.

எரிச்சலும் அடிக்கடி போவதும் கடைசி வாரங்களில் உச்சத்துக்குப் போய், முடிந்து சில வாரத்தில் அடங்கும். மலக்குடலில் ரத்தம் வருவது ஒன்றிரண்டு வருடம் கழித்துக்கூட ஆரம்பிக்கலாம். அப்போது கொலனோஸ்கோபி செய்பவரிடம் கதிர்வீச்சு வாங்கியதைச் சொல்லியே ஆக வேண்டும். தெரியாமல் மலக்குடலின் முன்சுவரில் சதை எடுத்தால் ஆறாத புண்ணாகி ஓட்டை விழும் வரை போகலாம். கொலனோஸ்கோபி எப்படியும் செய்ய வேண்டிய வயது என்றால் கதிர்வீச்சுக்கு முன்னால் முடித்துவிடுவது உத்தமம்.

பி.எஸ்.ஏ இங்கே பூஜ்யத்துக்குப் போகாது. ஒன்றரை, இரண்டு வருடம் மெதுவாக இறங்கும், நடுவில் சிலருக்குக் கொஞ்சம் ஏறி இறங்கும். தொட்ட மிகத் தாழ்ந்த எண்ணுக்கு மேல் 2 ஏறினால்தான் திரும்பியது என்று கணக்கு. எண்ணைப் பார்த்துத் தூக்கம் கெடுபவர்களுக்கு இது கஷ்டம்தான், மறைப்பதற்கில்லை.

மூத்திரத் தொந்தரவை ஐ.பி.எஸ்.எஸ் என்ற 7 கேள்வித் தாளில் மதிப்பெண் போட்டு எடுத்துவாருங்கள். 7 வரை லேசு, 8 முதல் 19 நடுத்தரம், 20-ம் அதற்கு மேலும் கடுமை. கடுமையில் இருப்பவருக்கு நேராகக் கதிர்வீச்சு தொடங்கினால் மூத்திரம் அடைத்துக்கொள்ளலாம். உள்ளே கதிர்மணி பதிக்கும் சிகிச்சை அப்படிப்பட்டவருக்குச் சரிப்படாது.

தென்றல்77

இவ்வளவு விவரத்துக்கு நன்றி. மாத்திரை அட்டையைப் பார்த்தேன். டாம்சுலோசின் 0.4 மி.கி., டூட்டாஸ்டரைடு 0.5 மி.கி. என்று இரண்டும் போட்டிருக்கிறது. 14 மாதமாக எடுக்கிறார். 6.1 வந்தது மாத்திரைக்கு முன்னால். ஐ.பி.எஸ்.எஸ் போட்டதில் 13. குறிவைத்து எடுத்தது 2 துண்டுதான், 3+4 வந்தது அதில் ஒன்றில். மற்ற 12-ம் பொதுவாக எடுத்தது. மூன்று மருத்துவரில் ஒருவர்கூட இந்த மாத்திரை பற்றிக் கேட்கவில்லை.

நுண்ணோக்கி

நினைத்தேன். மருந்துப் பட்டியலில் "மூத்திர மாத்திரை" என்று எழுதினால் யாருக்கும் உறைக்காது.

டூட்டாஸ்டரைடு 6 முதல் 12 மாதத்தில் பி.எஸ்.ஏ-வைப் பாதியாக்கும். அதனால் 7.2-ஐ இரட்டித்து 14 என்று வாசிக்க வேண்டும். 6.1 இருந்தவருக்கு மாத்திரைக்குப் பிறகு 3-க்கு இறங்கியிருக்க வேண்டும், அவருக்கு ஏறியிருக்கிறது. 6.1-லிருந்து 7.2 என்பது தாளில் சின்ன நகர்வு, உண்மையில் பெரிய நகர்வு.

பி.எஸ்.ஏ-வைச் சுரப்பியின் அளவால் வகுத்த அடர்த்தியையும் திருத்துவோம். இந்த மருந்து சுரப்பியையும் கால் பங்கு போல் சுருக்கும். மருந்து இல்லாவிட்டால் 42 சி.சி. சுமார் 56 இருந்திருக்கும். 14.4-ஐ 56-ஆல் வகுத்தால் 0.26. முன்பு போட்ட 0.17 எங்கே, இது எங்கே.

10-க்கும் 20-க்கும் இடைப்பட்ட பி.எஸ்.ஏ ஒரு நடுத்தர அபாயக் காரணி. கிரேடு குரூப் 2 இன்னொன்று. ஒன்று மட்டும் இருந்து, பாதிக்கும் குறைவான துண்டில் புற்று என்றால் நடுத்தர அபாயத்தில் சாதகமான பக்கம். இரண்டு சேர்ந்தால் பாதகமான பக்கம். இரட்டித்த எண்ணை வைத்து இந்த அட்டவணைகள் உருவாக்கப்படவில்லை என்பதால் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் "குறைந்த அபாயம், சும்மா பார்க்கலாம்" என்ற பேச்சுக்கு இனி இடம் குறைவு.

11 மி.மீ. கட்டிக்கு இரண்டு துண்டு போதாது. மூன்று முதல் ஐந்து எடுப்பது வழக்கம். கட்டியின் ஓரத்தைத் தொட்டுவிட்டு ஊசி வந்திருந்தால் நடுவில் 4 அதிகம் இருந்தாலும் தெரியாது. கண்காணிப்பைத்தான் இன்னமும் யோசிக்கிறீர்கள் என்றால், எம்.ஆர்.ஐ வழிகாட்ட மறுபயாப்சி செய்யாமல் அதில் இறங்காதீர்கள்.

லீனாக்

இதன்படி என் பக்கத்தில் மாறுவது முக்கியமாக ஹார்மோன் ஊசி. சாதகமான நடுத்தர அபாயத்துக்குக் கதிர்வீச்சு மட்டும் போதும். பாதகமான பக்கம் என்றால் 4 முதல் 6 மாதம் ஊசி சேர்ப்பார்கள். சர்க்கரை உள்ளவருக்கு அது சும்மா இல்லை: சர்க்கரை ஏறும், சதை குறைந்து கொழுப்பு கூடும், உடம்பு திடீர் திடீரென்று கொதிக்கும், ஆசை அடியோடு போய்விடும். கடைசி ஊசியின் வேலை முடிந்த பிறகும் டெஸ்டோஸ்டிரோன் திரும்பச் சில மாதம் ஆகும். ஆரம்பிக்கும் முன் மூன்று மாதச் சர்க்கரை அளவு எடுத்து வைத்து, சர்க்கரை மருத்துவரிடம் அளவை மாற்றத் தயாராக இருக்கச் சொல்லுங்கள். எடை தூக்கும் பயிற்சி வாரத்தில் இரண்டு மூன்று நாள், நடை மட்டும் போதாது.

ஊசி போட்டுக்கொண்டிருக்கும்வரை பி.எஸ்.ஏ அடிமட்டத்தில் கிடக்கும். அதைப் பார்த்துக் கதிர்வீச்சு வேலை செய்துவிட்டது என்று கொண்டாட வேண்டாம், அது ஊசியின் வேலை.

20 தவணை என்று சொன்ன மருத்துவர் ஊசி சேர்த்தாரா என்று கேளுங்கள். சேர்க்கவில்லை என்றால் 7.2-ஐ அப்படியே எடுத்துக்கொண்டிருக்கிறார்.

கத்தியும்நூலும்

என் பக்கமும் மாறுது. பி.எஸ்.ஏ 14-ன்னு எடுத்தா நிணநீர்க் கணுக்களையும் சேர்த்து எடுக்கணுமான்னு கணக்குப் போட்டுப் பார்க்கணும். எடுத்தா ஆபரேஷன் நேரம் கூடும், இடுப்புல நிணநீர் கட்டிக்கிறது, கால் வீக்கம்னு சிலருக்கு வரும். நோய் வெளியே பரவியிருக்கான்னு தேட, முன்னாடியே எலும்பு ஸ்கேனோ பி.எஸ்.எம்.ஏ பெட் ஸ்கேனோ தேவையான்னு கேளுங்க. 7.2-க்குத் தேவையில்லைன்னு விட்டிருப்பாங்க, இப்ப அந்தக் கேள்விக்கு அர்த்தம் இருக்கு.

சர்க்கரைக்காரருக்கு ஊசி இல்லாம முடியுறது ஆபரேஷனுக்கு ஒரு பிளஸ். ஆனா நோய் உறையைத் தாண்டியிருந்தா ஆபரேஷனுக்கு அப்புறம் கதிர்வீச்சும் வாங்க வேண்டி வரலாம், அப்ப ரெண்டு பக்கத்துப் பக்கவிளைவும் சேர்ந்து வரும். அந்த வாய்ப்பு எவ்வளவுன்னு ஆபரேஷன் பண்றவர்கிட்ட எண்ணா கேளுங்க. வருஷத்துக்கு எத்தனை பண்றார், அவர் கைல விளிம்புல புற்று மிஞ்சுற விகிதம் எவ்வளவு, ஒரு வருஷத்துல பேட்டே இல்லாம இருக்கறவங்க எவ்வளவு. ஊர் உலகத்துக் கணக்கு வேண்டாம், அவர் கணக்கு.

புள்ளிக்கணக்கு

ஒரு சின்ன விஷயம். இந்தக் காத்திருப்பில் "புற்றுக்கு நல்லது" என்று வைட்டமின் ஈ மாத்திரை யாராவது கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். 35,000-க்கும் மேற்பட்ட ஆண்களிடம் நடந்த செலக்ட் ஆய்வில் தினம் 400 யூனிட் எடுத்தவர்களுக்குப் புராஸ்டேட் புற்று 17 சதவீதம் அதிகமாக வந்தது. 2011-ல் வெளியான முடிவு, இன்னும் பலருக்குத் தெரியாது.

இன்னொன்று, அறுவை மருத்துவர் ஆபரேஷனையும் கதிர்வீச்சு மருத்துவர் கதிர்வீச்சையும் சொல்வது சதி இல்லை. அவரவர் கைவசம் உள்ளதை அவரவர் நம்புகிறார்கள். அதனால் யார் சொன்னார் என்பதைவிட, அவர் எந்த பி.எஸ்.ஏ-வை வைத்துச் சொன்னார் என்று பாருங்கள்.

தென்றல்77

ஸ்லைடுகளைக் கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறேன். மூவரிடமும் டூட்டாஸ்டரைடு விவரத்தைச் சொல்லி மறுபடி கேட்கப் போகிறோம். ஒரே ஒரு சந்தேகம்: மாத்திரையை நிறுத்திவிட்டு ஒரு மாதம் கழித்து பி.எஸ்.ஏ எடுத்தால் உண்மையான எண் தெரிந்துவிடாதா?

நுண்ணோக்கி

தெரியாது. டூட்டாஸ்டரைடின் அரை ஆயுள் சுமார் 5 வாரம். நிறுத்தினாலும் உடம்பிலிருந்து முழுதாக வெளியேறப் பல மாதம் ஆகும், பி.எஸ்.ஏ அதுவரை மெதுவாக ஏறிக்கொண்டே இருக்கும். ஒரு மாதத்தில் வரும் எண் பழைய கணக்குக்கும் உதவாது, புதிய கணக்குக்கும் உதவாது. நோய் வளர்கிறதா மருந்து இறங்குகிறதா என்றே பிரிக்க முடியாமல் போகும். சுருங்கியிருந்த சுரப்பி மறுபடி வீங்கினால் அடைப்பும் கூடும். சிகிச்சை முடிவாகும்வரை அப்படியே எடுக்கட்டும், எண்ணை மட்டும் இரட்டித்துப் படியுங்கள். அடுத்த பி.எஸ்.ஏ-வை அதே லேபில் கொடுங்கள், பயாப்சி முடிந்து 6 வாரமாவது போகட்டும், முந்தைய இரண்டு நாள் உறவும் சைக்கிளும் வேண்டாம். லேப் சீட்டில் மருந்தின் பெயரை எழுதச் சொல்லுங்கள்.

ஸ்லைடு வாங்கும்போது அதோடு பயாப்சித் துண்டைப் பதித்து வைத்த மெழுகு பிளாக்கும் கிடைக்குமா என்று கேளுங்கள். சந்தேகம் வந்தால் கூடுதலாக வெட்டிச் சாயமிட்டுப் பார்க்க அது வேண்டும். கண்ணாடி உடைந்தாலும் பிளாக் இருந்தால் கவலை இல்லை.

தென்றல்77

பிளாக்கையும் சேர்த்துக் கேட்டாயிற்று. வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள்.